சுருதியும் வெப்பமும்: பல்குரல் அனலொக் சிந்தசைசர்களின் வரலாற்றில் ஒரு நோக்கு

'சுருதி மாதா, லயம் பிதா' என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கச்சேரி தொடங்குவதற்கு முன்னர் தம்புராவின் தந்திகளை முறுக்கியும் தளர்த்தியும் சுருதி கூட்டும் சில நிமிடங்களை இரசிகர் பெரும்பாலும் இசையின் பகுதியாகக் கொள்வதில்லை. ஆயினும் அந்நிமிடங்கள் தவறின் அதன்பின் வரும் மணித்தியாலங்கள் பயனற்றுப்போகும். தந்தி தளர்வதும் தோல் ஈரமேறி இளகுவதும் இயற்கை. ஆதலால் சுருதி ஒருமுறை சேர்த்தபின் கைவிடத்தக்க பொருளன்று, இடையறாது காக்கப்படவேண்டியது.

மின்சாரம் இசைக்கருவிக்குள் நுழைந்தபோது இக்காவல் இனித் தேவைப்படாது என்ற எதிர்பார்ப்பு எழுந்தது இயல்பே. மரமும் தந்தியும் தோலும் இல்லாத இடத்தில் தளர்வதற்கு யாது உளது? ஆனால் 1970களில் அமெரிக்காவிலும் யப்பானிலும் உருவான பல்குரல் அனலொக் சிந்தசைசர்களின் வரலாறு இவ்வெதிர்பார்ப்பைப் பொய்ப்பித்தது. அக்கருவிகள் தம்புராவிலும் விரைவாகச் சுருதி பிறழ்ந்தன. மேடை விளக்கின் வெம்மை, திறந்த யன்னலினூடே வந்த குளிர்காற்று, மின்னாளி போட்டபின் கழிந்த நேரம் ஆகிய யாவும் அவற்றின் சுருதியை மாற்றின. இக்குறையை நீக்குதற்குப் பொறியியலாளர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றனர். முயற்சி முழு வெற்றி பெற்ற பின்னர், நீக்கப்பட்ட அக்குறையையே இசைவாணர் தேடத் தொடங்கினர்.

இவ்வரலாறு இருவகையாகக் கூறப்படுவதுண்டு. குறை படிப்படியே களையப்பட்டது என்பது ஒரு கூற்று. பழைய கருவிகளிலிருந்த உயிர்த்துடிப்பு புதியனவற்றில் அழிக்கப்பட்டது என்பது மற்றையது. இரண்டும் முழுமையானவையல்ல என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி ஒலியூற்று வேண்டும் என்ற தெரிவுக்குச் செலுத்தப்பட்ட விலையே சுருதிப் பிறழ்வு. இதனை மனங்கொண்டு நோக்கின், அக்காலப் பொறியியலாளர் எதிர்கொண்ட இக்கட்டும் பின்வந்தோரின் ஏக்கமும் ஒருசேர விளங்கும்.

1. சுருதியும் வோல்ற்றளவும்

காது சுரங்களை விகிதங்களாகவே உணர்கிறது. செக்கனுக்கு 220 அதிர்வுகளைக் கொண்ட சுரத்தின் மேல் ஸ்தாயி 440. அதன் மேல் ஸ்தாயி 880. ஒவ்வொரு படியிலும் மீடிறன் இருமடங்காகிறது. மேனாட்டார் வழங்கும் சமப்பகுப்பு முறையில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு அரைச்சுரங்களாகப் பிரிக்கப்படும். அடுத்தடுத்த இரு அரைச்சுரங்களுக்கிடையிலான விகிதம் ஏறத்தாழ 1.05946 ஆகும். ஆங்கில அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ் 1885இல் ஒவ்வோர் அரைச்சுரத்தையும் நூறு கூறுகளாக்கி 'சென்ற்' என்ற அளவையை வழங்கினார். ஒரு ஸ்தாயிக்கு 1,200 சென்ற். கருவி எவ்வளவு பிறழ்ந்துள்ளது என்பதை இன்றும் இவ்வளவையாலேயே கூறுகின்றோம்.

றொபேட் மூக் (1934-2005) 1964இல் இசையமைப்பாளர் ஹேர்பேட் டொயிச்சுடன் இணைந்து, நியூயோர்க் மாநிலத்தின் டிரூமன்ஸ்பேர்க் என்ற சிற்றூரில் தமது முதற் கூறுகளை அமைத்தபோது மேற்கூறிய விகித இயல்பையே அடிப்படையாகக் கொண்டார். அவருடைய அலையியற்றியை வோல்ற்றளவு ஆளுகிறது. அவ்வோல்ற்றளவு ஒரு வோல்ற்றினால் உயரும்போது சுரம் ஒரு ஸ்தாயி உயரவேண்டும். சுரக்கட்டை வரிசையின் ஒவ்வோர் அரைச்சுரமும் பன்னிரண்டிலொரு பங்கு வோல்ற்றைத் தரும். 'வோல்ற்றுக்கு ஒரு ஸ்தாயி' என்ற இவ்விதி பின்வந்த தயாரிப்பாளர் பலராலும் ஏற்கப்பட்டது.

விதி எளியது, அதனை நிறைவேற்றும் சுற்று எளியதன்று. வோல்ற்றளவு கூட்டல் முறையில் ஏறுகையில் மீடிறன் பெருக்கல் முறையில் ஏறவேண்டும். இவ்வடுக்குக்குறி உறவை இயற்கையாகவே உடையது திரான்சிஸ்டர். அறை வெப்பநிலையில் அதன் அடிவாய்க்கும் காலிக்கும் இடையிலான அழுத்தம் ஏறத்தாழ 18 மில்லிவோல்ற்றினால் கூடினால் அதனூடு பாயும் மின்னோட்டம் இருமடங்காகும். அம்மின்னோட்டம் ஒரு கொள்ளளவியை நிரப்புகிறது, குறித்த அளவு நிரம்பியதும் கொள்ளளவி ஒரு கணத்தில் வெறுமையாக்கப்படுகிறது, மீண்டும் நிரம்புகிறது. இந்நிரம்பலும் வடிதலுமே வாளின் பல் போன்ற அலையாகி நம் காதை அடைகின்றன. மின்னோட்டம் இருமடங்கானால் கொள்ளளவி அரைப்பங்கு நேரத்தில் நிரம்பும். சுரம் ஒரு ஸ்தாயி உயரும்.

2. வெப்பம் செய்த வேலை

'அறை வெப்பநிலையில்' என்று மேலே குறிப்பிட்டோம். சிக்கல் முழுவதும் அச்சொற்றொடரிலேயே அடங்கியுள்ளது. மின்னோட்டத்தை இருமடங்காக்கும் அந்த 18 மில்லிவோல்ற் நிலையான எண்ணன்று. தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறுவது. அறையின் தனி வெப்பநிலை ஏறத்தாழ 300 கெல்வின். ஆகவே ஒரு பாகை வெப்பம் கூடினால் இவ்வளவு முந்நூற்றிலொரு பங்கு கூடுகிறது. முந்நூற்றிலொரு பங்கு அற்பமெனத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். சரியாகச் சேர்க்கப்பட்ட ஓர் ஆதார நிலையிலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி வாசிக்கும்போது இடைவெளி 3,600 சென்ற். அதன் முந்நூற்றிலொரு பங்கு 12 சென்ற். பத்துப் பாகை மாற்றமேற்படின் 120 சென்ற்; அதாவது ஓர் அரைச்சுரத்துக்கும் மேல். காலையிற் குளிர்ந்த கலையகத்தில் சேர்த்த சுருதி மாலையில் மேடை விளக்கின் கீழ் என்னவாகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இதனினும் கொடியது இரண்டாவது காரணம். அடிவாய் அழுத்தம் மாறாதிருப்பினும், வெப்பம் ஏறுந்தோறும் திரான்சிஸ்டரின் மின்னோட்டம் தானாகவே பன்மடங்கு பெருகும். இதனை அடக்குதற்கு ஒத்த இயல்புடைய இரு திரான்சிஸ்டர்களை அருகருகே அமைத்து, ஒன்றின் மாற்றத்தை மற்றையதன் மாற்றத்தால் ஈடுசெய்யும் முறை கையாளப்பட்டது. எஞ்சிய முதற் காரணத்துக்காக, ஒவ்வொரு பாகைக்கும் தன் தடையை ஏறத்தாழ அதே முந்நூற்றிலொரு பங்கினால் கூட்டிக்கொள்ளும் சிறப்புத் தடையி ஒன்று அத்திரான்சிஸ்டர் இணையோடு ஒட்டி வைக்கப்பட்டது. வேறு சில வடிவமைப்பாளர் சில்லையே சிறு அடுப்புப்போலச் சூடாக்கி, வெளியில் எவ்வாறாயினும் உள்ளே ஒரே வெப்பநிலை நிலவுமாறு செய்தனர். ஆயினும் தடையியும் திரான்சிஸ்டரும் ஒரே கணத்திற் சூடாவதில்லை. கொள்ளளவிக்கும் மின்வழங்கிக்கும் தத்தம் போக்குகள் உண்டு. ஈடுசெய்தல் பிழையைக் குறைத்ததேயன்றி முற்றாக நீக்கவில்லை.

தனிக்குரற் கருவியில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும் கருவியில் இரண்டு மூன்று அலையியற்றிகளே உள. வாசிப்பவர் செவியால் உணர்ந்து குமிழைத் திருகிச் சரிசெய்யலாம். வென்டி கார்லோஸ் 1968இல் வெளியிட்ட 'சுவிச்ட்-ஒன் பாக்' இசைத்தட்டு இத்தகைய தனிக்குரல் முறையில் உருவானதே. பாக்கின் பல்வரி இசை முழுவதும் எட்டுத்தட நாடாப்பதிவுக் கருவியில், ஒரு வரியின்மேல் ஒரு வரியாக, மூக் கருவியைக் கொண்டு பதிவுசெய்யப்பட்டது. சிறு பகுதி ஒன்றைப் பதிந்ததும் சுருதியை மீளவும் சரிபார்த்தல் அப்பணியின் ஒழியாத பகுதியாயிருந்தது. பொறுமையுடையோர்க்குக் கலையகத்தில் இது இயன்றது. மேடையில், பத்து விரல்களாலும் ஒரே நேரத்தில் வாசிக்க விரும்புவோர்க்கு இது விடையாகாது.

3. பன்னிரண்டு ஊற்றுக்கள்

பல்குரல் மின்னிசை 1970களிற் பிறந்ததன்று. ஹமண்ட் நிறுவனம் 1939இல் விற்பனைக்கு விட்ட நொவகோர்ட் என்ற கருவி 72 சுரக்கட்டைகளையும் 163 வெற்றிடக் குழாய்களையும் கொண்டிருந்தது. அதன் எல்லாக் கட்டைகளையும் ஒருசேர அழுத்தினாலும் எல்லாச் சுரங்களும் ஒலித்தன. எனினும் அதனுள் சுருதி சேர்க்கவேண்டிய அலையியற்றிகள் பன்னிரண்டு மட்டுமே. அவை மிகவுயர்ந்த ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களைத் தந்தன. கீழ் ஸ்தாயிச் சுரங்கள் அவற்றின் மீடிறனை இரண்டால் வகுத்து, மீண்டும் இரண்டால் வகுத்துப் பெறப்பட்டன. இரண்டால் வகுத்தலில் பிழைக்கு இடமில்லை. மேற் சுரம் சரியாயின் கீழ்ச் சுரங்கள் யாவும் சரியே.

குறைகடத்திச் சில்லுகள் வந்தபின் இம்முறை மேலும் எளிதாயிற்று. செக்கனுக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் துடிப்புகளைத் தரும் ஒரே கடிகாரத்தைப் பன்னிரண்டு முழு எண்களால் வகுத்தால் பன்னிரண்டு சுரங்களும் கிடைக்கும். அடுத்தடுத்த அரைச்சுரங்களுக்கு 239, 253 என்ற எண்கள் பயன்பட்டமை இதற்கோர் எடுத்துக்காட்டு. 253ஐ 239ஆல் வகுக்க 1.05858 வரும். உரிய விகிதத்திலிருந்து இதன் வேறுபாடு ஒன்றரைச் சென்ற் அளவினதே. பன்னிரண்டு ஊற்றுக்கள் ஒன்றாயின. சேர்ப்பதற்கு ஒரேயொரு திருகு. கருவியின் சுரங்கள் தமக்குள் மாறுபட வழியேயில்லை. நெதர்லாந்தின் எமினென்ற் நிறுவனம் 1974இல் வெளியிட்ட சொலினா ஸ்ரிங் என்செம்பிள் வகுத்தல் முறையைக் கையாண்டது. மூக் நிறுவனம் 1975இல் அறிமுகஞ்செய்த பொலிமூக் கருவியும் இவ்வழியிலேயே 71 கட்டைகளுக்கும் ஒருசேர ஒலி தந்தது.

சுருதிச் சிக்கல் 1939இலேயே தீர்ந்துவிட்டதாயின் அதன்பின் வந்தோர் ஏன் அல்லலுற்றனர் என்ற வினா இங்கு எழுகின்றது. விடை ஒலியின் இயல்பிலுள்ளது. ஒரே ஊற்றிலிருந்து வகுத்துப் பெற்ற சுரமும் அதன் மேல் ஸ்தாயியும் ஒன்றையொன்று பூட்டியவைபோல ஒலிக்கும். அவற்றுக்கிடையே அசைவில்லை. ஒரே சுரத்தை இருபது வயலின்கள் வாசிக்கும்போது ஒவ்வொன்றும் ஓரிரு சென்ற் அளவில் வேறுபடுவதாலேயே அவ்வொலி செறிவாகவும் அலைவதாகவும் இருக்கிறது. வகுத்தல் முறைக் கருவியில் இவ்வேறுபாடு இல்லை. ஆகையால் சொலினாவை வடிவமைத்தோர் கருவியின் இறுதியில் ஒரு சிறப்புச் சுற்றைச் சேர்த்தனர். அது ஒலியை மூன்று வழிகளிற் பிரித்து, ஒவ்வொன்றையும் மிகச் சிறிது தாமதித்து, அத்தாமதத்தை மெல்ல ஏற்றியிறக்கியது. விளைவு சுருதி சற்றே பிறழ்ந்த பல கருவிகள் சேர்ந்திசைப்பது போன்றதாகும். சுருதி பிறழாக் கருவியைச் செய்த கையோடு, பிறழ்வைப் போலச்செய்யும் சுற்றையும் அதே கருவிக்குள் வைத்தமை இவ்வரலாற்றின் பிற்பகுதியை முன்கூட்டியே உணர்த்துகின்றது எனலாம்.

இன்னொரு குறைபாடும் இருந்தது. தனிக்குரற் கருவியில் சுரத்தை வளைக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். இரண்டு அலையியற்றிகளை வேண்டுமென்றே சிறிது விலக்கலாம். மூக் கருவியின் பெருமை இவற்றிலேயே இருந்தது. ஒரே கடிகாரத்துக்குக் கட்டுண்ட சுரங்கள் தனித்தனியே வளையமாட்டா.

4. தனிக்குரல்களும் அவற்றின் விலையும்

எனவே மற்றொரு வழி தேடப்பட்டது. பத்து விரல்களை உடைய மனிதன் ஒரே நேரத்தில் 72 சுரங்களை வாசிப்பதில்லை. நான்கு, ஐந்து அல்லது எட்டு முழுமையான குரல்கள் போதும். அழுத்தப்படும் கட்டைகளுக்கு அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளலாம். எந்தக் கட்டைக்கு எந்தக் குரல் என்பதைத் தீர்மானிக்கும் டிஜிற்றல் சுற்றை ஈ-மூ நிறுவனத்தின் டேவ் றொசம் உருவாக்கினார். அதனைத் தமது கருவிக்கு உரிமம் பெற்றுக்கொண்டவர் ரொம் ஒபர்ஹைம். தாம் 1974இல் வெளியிட்ட தனிக்குரற் கூறுகள் நான்கை ஒரே பெட்டியில் அடுக்கி அவர் 1975இல் நாற்குரற் கருவியைத் தந்தார். ஒவ்வொரு கூறிலும் இரண்டு அலையியற்றிகள், ஆக எட்டு. பின்வந்த எண்குரற் கருவியிற் பதினாறு.

இப்பதினாறும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஒவ்வொன்றுக்கும் தனித் திரான்சிஸ்டர் இணை, தனிக் கொள்ளளவி, பெட்டியினுள் தனி இடம், ஆதலால் தனி வெப்பநிலை. மின்வழங்கிக்கு அருகிலுள்ள கூறு முதலிற் சூடாகும், ஓரத்திலுள்ளது தாமதிக்கும். வாசிப்பவர் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குரல் விடைதரும். அவற்றுள் ஒன்று பிறழ்ந்திருந்தால் நான்காவது முறையோ எட்டாவது முறையோ அப்பிழை தலைகாட்டும். தனிக்குரற் கருவியில் முழுக் கருவியும் ஒன்றாக இறங்கினால் கேட்போர் பலர் அதனை உணரமாட்டார். பல்குரற் கருவியிலோ ஒரு குரலின் பிறழ்வு ஏனைய குரல்களின் முன்னிலையில் உடனே வெளிப்படும்.

யமஹா நிறுவனம் 1976இல் அறிமுகஞ்செய்த சி.எஸ்.-80 இவ்வழியின் உச்சம் எனத் தகும். எண்பது கிலோகிராமுக்கு மேல் எடைகொண்ட அக்கருவியில் எட்டுக் குரல்கள். குரலுக்கு இரண்டாகப் பதினாறு அலையியற்றிகள். ஒவ்வொரு கட்டையும் விரலின் அழுத்தத்தைத் தனித்தனியே உணர்ந்தது. வன்ஜெலிஸ் இசையமைத்த 'பிளேட் றன்னர்' (1982) திரைப்படத்தில் கேட்கும் ஏங்கியெழும் சுரங்கள் இக்கருவியினுடையவை. ஆனால் தன் சுருதியைத் தானே அளக்கும் வழி அதற்கு இல்லை. அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்றாலே மூடியைத் திறந்து உள்ளிருக்கும் திருகுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டிய நிலை நேரும்.

அச்சரிசெய்தல் எத்தகையது என்பதை இங்கு விளக்குதல் தகும். முதலிற் கருவியை இயக்கி அரை மணித்தியாலமேனும் சூடாகவிடவேண்டும். பின்னர் மின்வழங்கியின் வோல்ற்றளவைச் சரிபார்க்கவேண்டும். அது பிழைத்தால் அதன்மேல் எழுப்புவன யாவும் பிழைக்கும். அதன்பின் ஒரு குரலைத் தனியே ஒலிக்கச்செய்து, தாழ்ந்த கட்டை ஒன்றை அழுத்தி, ஆதாரச் சுரத்துடன் ஒப்பிட வேண்டும். இரு சுரங்களும் சிறிது வேறுபட்டால் ஒலி எழுந்தும் தாழ்ந்தும் துடிக்கும்; இதனை இயற்பியலார் அடிப்பு என்பர். 440உம் 441உம் சேர்ந்தால் செக்கனுக்கு ஓர் அடிப்பு. அவ்வேறுபாடு ஏறத்தாழ நான்கு சென்ற். அடிப்பு மெதுவாகி நிற்கும்வரை முதற் திருகைத் திருப்பவேண்டும். பின்பு சில ஸ்தாயிகள் உயர்ந்த கட்டையை அழுத்தி, ஸ்தாயியின் அகலத்தை ஆளும் இரண்டாவது திருகைத் திருப்பவேண்டும். அதைத் திருப்பினால் தாழ்ந்த சுரம் மீண்டும் விலகிவிடும். முதலாவதற்குத் திரும்பவேண்டும், மீண்டும் இரண்டாவது. ஒவ்வொரு சுற்றிலும் பிழை சிறுத்துக்கொண்டு வரும்.

இவை முடிந்தபின்னரும் மிகவுயர்ந்த சுரங்கள் தாழ்ந்தே ஒலிக்கும். கொள்ளளவி வெறுமையாகும் கணமும் ஒரு காலமே என்பது இதற்குக் காரணம். வெறுமையாக ஒரு மைக்கிரோ செக்கன் செல்வதாகக் கொள்வோம். செக்கனுக்கு 50 அதிர்வுடைய சுரத்தில் அது பொருட்டன்று. 5,000 அதிர்வுடைய சுரத்திலோ ஓர் அலையின் காலமே 200 மைக்கிரோ செக்கன். ஆகவே பிழை எட்டுச் சென்றுக்கு மேலாகிறது. இதற்கென மூன்றாவது திருகு. இவ்வாறு ஓர் அலையியற்றி முடிந்தது. இன்னும் பதினைந்து உள. கடைசி அலையியற்றியை அடைவதற்குள் முதலாவது சற்றே நகர்ந்திருக்கவுங் கூடும்.

5. தன்னைத் தானே கேட்ட கருவி

இந்நிலையை மாற்றியவர் டேவ் ஸ்மித் (1950-2022). கலிபோர்ணியாவில் அவர் நிறுவிய சீக்குவென்ஷல் சேர்கிற்ஸ் நிறுவனம் 1978இல் புறொபெற்-5 கருவியை வெளியிட்டது. ஐந்து குரல்கள், பத்து அலையியற்றிகள், யாவற்றையும் மேற்பார்வை செய்ய ஒரு நுண்செயலி. வாசிப்பவர் அமைத்த ஒலியைக் குமிழ்களின் நிலையோடு நினைவில் வைத்து வேண்டியபோது மீட்டளித்தமையே அக்கருவியின் புகழுக்குக் காரணமாயிற்று. ஆனால் ஒலிகளை நினைவில் வைப்பதற்கு அமைந்த ஏற்பாடே சுருதியையும் காக்க உதவியது என்பது வரலாற்று நோக்கிற் கவனத்துக்குரியது. சேமித்த எண்களை வோல்ற்றளவாக மாற்றிச் சுற்றுகளுக்கு அனுப்பும் வழி நுண்செயலியிடம் ஏற்கெனவே இருந்தது. அவ்வழியே திருத்தங்களையும் அனுப்பலாமன்றோ?

முகப்பிலிருந்த சுருதிப் பொத்தானை அழுத்தியதும் கருவி சில வினாடிகள் மௌனமாகிவிடும். அம்மௌனத்தில் நுண்செயலி ஓர் அலையியற்றிக்குக் குறித்த வோல்ற்றளவை அனுப்புகிறது; அதன் அலை முடிவதற்குள் தன் கடிகாரம் எத்தனை முறை துடிக்கின்றது என எண்ணுகிறது; எண்ணியதை இருக்கவேண்டிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்தத்தைக் குறித்துக்கொள்கிறது. பின்னர் அடுத்த அலையியற்றி. பத்தும் முடிந்தபின் ஒவ்வொரு சுரத்தோடும் அவ்வத் திருத்தம் சேர்த்தே அனுப்பப்படும். கைத்திருகும் செவியும் செய்த வேலையை எண்ணும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அலையியற்றி திருந்தவில்லை, அது முன்போலவே வெப்பத்துக்கு ஆட்பட்டுப் பிறழ்ந்தது. அதன் பிழை எவ்வளவு என்பதைக் கருவி அறிந்துகொண்டது, அவ்வளவே. வெப்பநிலை மாறினால் பழைய திருத்தம் பயன்படாது. பொத்தானை மீண்டும் அழுத்தவேண்டும். இரு அழுத்தங்களுக்கிடையே குரல்கள் ஓரிரு சென்ற் அளவில் தத்தம் வழியே அலைந்தன. ஐந்து குரல்களின் சுதந்திரமும் காக்கப்பட்டது. மேடையில் வாசிப்பவரின் மானமும் காக்கப்பட்டது. ஒபர்ஹைமின் ஓ.பி.-எக்ஸ் (1979), ரோலண்டின் ஜுப்பிற்றர்-8 (1981), குரலுக்கு மூன்றாகப் பதினெட்டு அலையியற்றிகளைக் கொண்ட மெமறிமூக் (1982) ஆகியனவும் தாமே சுருதி சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுடன் வந்தன.

இதே காலத்தில் அலையியற்றியும் சுருங்கிச் சில்லாயிற்று. புறொபெற்-5 1980இல் தன் மூன்றாம் வடிவை எடுத்தபோது முன்னிருந்த எஸ்.எஸ்.எம். சில்லுகளை விடுத்து, டக் கேட்டிஸ் வடிவமைத்த சி.ஈ.எம். சில்லுகளுக்கு மாறியது. அவற்றுள் 3340 என்ற அலையியற்றிச் சில்லு வெப்ப ஈட்டைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது.

6. பிறழ்வின் முடிவு

அடுத்த அடி சுதந்திரத்தையே மட்டுப்படுத்தியது. ரோலண்ட் நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஜூனோ-6 கருவியில் ஆறு குரல்கள் இருந்தன. அவற்றின் அலைகள் முன்போலக் கொள்ளளவியின் நிரம்பலாலேயே உண்டாயின. ஆனால் எப்போது வெறுமையாக்குவது என்பதைத் திரான்சிஸ்டரின் மின்னோட்டம் தீர்மானிக்கவில்லை. ஒரே தலைமைக் கடிகாரத்தை எண்ணி வகுக்கும் டிஜிற்றல் சுற்று தீர்மானித்தது. நொவகோர்டின் வகுத்தல் புதுக்கோலத்தில் மீண்டது எனக் கூறலாம். குரல்கள் தமக்குள் பிறழவில்லை. அதனுடன் சொலினாவின் கதையும் மீண்டது: ஜூனோவின் வடிவமைப்பாளர் அதனுள் பல்குரற் சாயை தரும் சுற்று ஒன்றை அமைத்தனர். அக்கருவி அந்தச் சாயைக்காகவே பெரிதும் விரும்பப்பட்டது.

யமஹாவின் டி.எக்ஸ்.-7 1983இல் வந்தபோது கொள்ளளவியும் ஒழிந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இற் கண்ட மீடிறன் மட்டிசைப்பு முறையில் பதினாறு குரல்களும் எண்களாகவே கணிக்கப்பட்டன. எண்களுக்கு வெப்பமில்லை. அக்கருவி ஓர் இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. அதே ஆண்டு சனவரியில் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இக்குத்தாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய 'மிடி' இணைப்புமுறையின் மூலம் சீக்குவென்ஷலின் கருவி ஒன்றும் ரோலண்டின் கருவி ஒன்றும் அமெரிக்க இசை வணிகக் கண்காட்சியில் பகிரங்கமாக இணைக்கப்பட்டன. டேவ் ஸ்மித்தின் நிறுவனம் 1987இல் யமஹாவின் கைக்கு மாறியது. வெப்பத்துக்கு எதிரான போராட்டம் முடிவுற்றது. அதில் முன்னின்றோர் பலரின் நிறுவனங்களும் முடிவுற்றன.

7. குறை பெறுமதி பெற்றமை

இன்று நிலை வேறு. டேவ் ஸ்மித் 2007இல் வெளியிட்ட புறொபெற் '08 கருவியில் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட அலையியற்றிகளே இருந்தன. ஆயின் அவற்றைச் சிறிது தடுமாறச் செய்யும் தெரிவு ஒன்றும் அதிற் சேர்க்கப்பட்டது. யமஹா 2015இல் சீக்குவென்ஷல் என்ற பெயரை அவருக்கு மீள வழங்கியது. 2020இல் வந்த புறொபெற்-5இன் நான்காம் வடிவில் 'விண்டேஜ்' என்ற குமிழ் ஒன்றுண்டு. அதனை ஒரு பக்கம் திருப்பினால் கருவி உறுதியாக நிற்கும்; மறுபக்கம் திருப்பினால் குரல்கள் ஒன்றுக்கொன்று விலகி, 1978ஆம் ஆண்டின் கருவிபோல நடந்துகொள்ளும். எந்தப் பிழையை அளந்து நீக்குவதற்குப் பொத்தான் வைத்தாரோ, அதே பிழையை அளந்து ஊட்டுவதற்கு அவரே குமிழும் வைத்தார்.

இதைக்கொண்டு, அக்காலப் பொறியியலாளர் பிறழ்வை ஓர் அழகாகக் கருதினர் என முடிவுகட்டுவது தவறாகும். ஈடுசெய்யும் தடையிகளும் சூடாக்கிய சில்லுகளும் சுருதிப் பொத்தானும் அவர் அதனைப் பகையாகவே கருதினர் என்பதற்குச் சான்று. அழகு பின்வந்தோரின் கண்டுபிடிப்பு. பிறழ்வு எவ்விடத்தும் இல்லாதொழிந்த பின்னரே அதனைத் தனியே இனங்காண முடிந்தது.

மேலும், கேட்போர் விரும்பியது எல்லாப் பிறழ்வையுமன்று. மேடையில் அரைச்சுரம் விலகிய குரலை எவரும் விரும்பியதில்லை. விரும்பப்பட்டது இரு சுருதிப் பொத்தான் அழுத்தங்களுக்கிடையே நிகழ்ந்த ஓரிரு சென்ற் அசைவே. ஆகவே இன்று 'அனலொக் ஒலி' எனப் போற்றப்படுவது வெறும் பிறழ்வின் ஒலியன்று. ஏறத்தாழச் சுருதி சேர்ந்த ஒலி. பிறழ்வும் திருத்தமும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற சில ஆண்டுகளின் ஒலி அது.

இது வரலாற்று மாணவர்க்கு ஒரு நடைமுறை வினாவையும் எழுப்புகின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கருவி ஒன்று இன்று திருத்துபவரிடம் வருகின்றது. அதன் கொள்ளளவிகள் உலர்ந்துவிட்டன, திருகுகள் தேய்ந்துவிட்டன, சில்லுகளிற் சில இறந்துவிட்டன. கேட்டிஸ் 2007இற் காலமானார்; அவரது 3340 சில்லு 2016இல் மீண்டும் உற்பத்திக்கு வந்தது. புதிய பகுதிகளை இட்டால் கருவி முன்னெப்போதும் இல்லாத உறுதியுடன் சுருதியில் நிற்கக்கூடும். அப்போது எது மீட்கப்பட்டது? தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் கருவியா, இசைத்தட்டில் ஒலித்த கருவியா, வடிவமைத்தவர் மனத்திற் கண்ட கருவியா? சுவடிகளைப் பதிப்பிப்போர் மூலபாடம் எது எனத் தடுமாறுவதை நாம் அறிவோம். ஏடெழுதியோர் செய்த பிழை எனத் தள்ளுவதா, பேணுவதா என்ற அவர்தம் இக்கட்டே இங்கும் எழுகின்றது. திருத்துபவர் சுழற்றும் ஒவ்வொரு திருகும் ஒரு பாடத் தெரிவாகும். ஆகவே என்ன மாற்றப்பட்டது, எவ்வளவு பிறழ்வு அளக்கப்பட்டது என்பவற்றைத் திருத்துமுன் குறித்துவைத்தல் அவருக்குச் சிறு வேலை. பின்வரும் ஆய்வாளனுக்கோ பெருஞ்சான்று.

முடிவுரை

நொவகோர்டிலிருந்து புறொபெற்-5இன் நான்காம் வடிவு ஈறாக நோக்கின், வரலாறு நேர்கோட்டிற் செல்லவில்லை என்பது தெளிவாகும். ஒரே ஊற்றிலிருந்து யாவற்றையும் வகுத்துப் பெற்றால் ஒழுங்கு கிடைக்கும், அசைவு கிடையாது. ஒவ்வொரு குரலுக்கும் தன் ஊற்றை அளித்தால் அசைவு கிடைக்கும். ஒழுங்கை நாள்தோறும் உழைத்தே பெறவேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்தபின் மற்றையதைச் செயற்கையாகச் சேர்க்க முயன்றதை மேலே கண்டோம். இவ்விரண்டையும் ஓரளவேனும் ஒன்றாகத் தந்தவை, தாம் பிழைப்போம் என்பதை ஏற்றுக்கொண்டு, தம்மைத் தாமே கேட்டுத் திருத்திக்கொண்ட 1978ஆம் ஆண்டினையொட்டிய கருவிகளே. தம்புரா மீட்டுபவர் கச்சேரியின் இடையிற் காதைத் தண்டோடு சேர்த்துத் தந்தியைச் சற்றே முறுக்குவதற்கும் அவை செய்ததற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.